அப்பாவுக்கு பார்க்கின்சன் (நடுக்குவாதம்)னு சொல்லிட்டாங்க, மாத்திரைய பால்ல குடுக்கலாமுங்களா?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. அப்பாவுக்கு 67, கோபி பக்கம் தோட்டம், நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறேன். ஒரு வருசமாவே எடது கை சும்மா மடியில வெச்சிருந்தா நடுங்கும், எதையாவது எடுத்தா நின்னுக்கும், வயசாச்சுன்னு விட்டுட்டோம். போன மாசம் மஞ்சள் வித்த சீட்டுல கையெழுத்து போட்டிருந்தாரு, மொத எழுத்து பெருசு, போகப்போக சிறுத்து கடைசில எறும்பாட்டம், அதப் பாத்துதான் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனேன். விரலத் தட்டச் சொன்னாங்க, நடக்கச் சொன்னாங்க (எடது கை வீசவே இல்லீங்க, அப்பத்தான் நானே கவனிக்கறேன்), லெவோடோபா-கார்பிடோபாங்கற மாத்திரைய மூணு வேளைக்கு எழுதிட்டாங்க. காலைல வெறும் வயித்துல போட்டா நல்லாருக்குது, மத்தியானம் மாத்திரை வேலையே செய்யலங்கறாரு. அம்மா சோறு, பருப்பு, தயிரெல்லாம் ஆனப்பறம் பால்ல குடுக்கறாங்க. இன்னொன்னு, ஒறம்பரை (சொந்தக்காரங்க) வந்தா தோட்டத்துச் சாளைக்குப் போயி உக்காந்துக்கறாரு, கை நடுங்கறதப் பாத்து குடிக்கறான்னு நெனச்சுக்குவாங்களாம். என்ன பண்றதுங்க?

பொள்ளாச்சி அம்மணி:
பால நிறுத்துங்க மொதல்ல. எங்க மாமனாருக்கு 6 வருசமா இருக்குது, இதே தப்ப நானும் பண்ணியிருக்கறேன். பால், தயிர், பருப்பு, கறில இருக்கற புரோட்டீனும் இந்த மாத்திரையும் குடல்ல ஒரே வாசல்லதான் நொழையோணும், கூட்டம் எச்சாயிட்டா மாத்திரை வெளிய நின்னுக்கும், மூளைக்குப் போற எடத்துலயும் இதே கதைதான். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி தண்ணில குடுங்க, கொமட்டுச்சுன்னா ரெண்டு பிஸ்கெட். அரிசிம்பருப்பு சோறு, கொள்ளெல்லாம் விடச் சொல்லல, எச்சாத் திங்கறத ராத்திரிக்குத் தள்ளிக்குங்க. சத்து மாத்திரைன்னு இரும்பு மாத்திரை குடுத்தீங்கன்னா அதையும் சேத்துப் போடாதீங்க. படுத்து எந்திரிக்கறப்ப கிறுகிறுன்னு வரும், கட்டில்ல சித்த நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. மலச்சிக்கல் இருக்கான்னு கேளுங்க, அவரா சொல்லமாட்டாரு. அப்பறம் வாந்தின்னு பக்கத்து கிளினிக் போனா பார்க்கின்சன் இருக்குதுன்னு மொதல்லயே சொல்லிருங்க, நாங்க சொல்லாம வுட்டு, வாந்திய நிறுத்தற மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டு மாமனாரு ரெண்டு நாளு மரக்கட்டையாட்டம் கெடந்தாரு.

ஈரோட்டான்:
இதுக்கெதுக்கு இங்கிலீஷ் மருந்து, பூனைக்காலி வெதப் பொடி ஒரு ஸ்பூன் பால்ல கலக்கிக் குடுங்க, எங்க அப்பிச்சி அதுலயே நடந்தாரு.

பெருந்துறை பிசியோ:
ஈரோட்டாரே, பூனைக்காலில இருக்கறதே லெவோடோபாதானுங்க, அதனால வேலை செய்யறது நெசம். ஆனா ஒரு ஸ்பூன்ல எவ்வளவு இருக்குதுன்னு யாருக்குந் தெரியாது. மாத்திரையும் போட்டு பொடியும் போட்டா டோஸ் எகிறிரும், டாக்டர்கிட்டக் கேக்காம வேண்டாம். மாத்திரைய சட்டுன்னு நிறுத்தறதும் ஆபத்து.
கோபிக்காரரே, அப்பா தோட்ட வேலை செய்யறத நிறுத்திராதீங்க, வெசனத்துல நெறையப் பேரு உக்கார வெச்சிடறாங்க, அதுலதான் ஒடம்பு இறுகிக்கும். பின்னாடி எப்பவாவது வாசப்படிகிட்ட காலு தரையில ஒட்டுன மாதிரி நின்னுரும், அப்பக் கையப் புடிச்சு இழுத்தா உழுந்துருவாரு. நிக்க வுட்டு, "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுங்க, இல்லாட்டி தரையில ஒரு கோடு காட்டி அதத் தாண்டச் சொல்லுங்க. எங்க பேசன்ட் ஒருத்தரு வூட்டு ஆசாரத்துல கலர் டேப் ஒட்டியே வெச்சிருக்காங்க. கொரலு சன்னமாப் போகும், தெனம் பேப்பர சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. ஒறம்பரைக்கு ஒளியறதுக்கு மருந்து கெடையாது, ஆனா மனசு சோர்ந்து போறதும் இந்த வியாதில ஒரு பங்குதான், ஆள் ரொம்ப ஒதுங்குனா டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். 5 நாளா மத்தியான மாத்திரைய 12 மணிக்கு தண்ணில குடுத்துட்டு பன்னண்டரைக்கு மேல சோறு போடறாங்க. வித்தியாசம் தெரியுதுங்க, நேத்து சட்டப் பொத்தான அவரே போட்டுக்கிட்டாரு, நேரமாச்சு, ஆனா போட்டுக்கிட்டாரு. பேப்பர் படிக்கறதுக்கு மட்டும் "எனக்கென்ன பள்ளிக்கூடமா"ன்னு சத்தம். ஒறம்பரை விசயம் இன்னும் அப்படியேதான். அப்பறம் ஈரோட்டார் சொன்ன பொடியப் பத்தி அம்மாகிட்டக் கேட்டா, சந்தையில ஏற்கனவே ஒரு டப்பா வாங்கி அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்காங்க. எடுத்து பைல போட்டுட்டேன், அடுத்த வாரம் டாக்டர்கிட்டயே காட்டிக்கறேன்.