மூன்று நிமிட ஆய்வுரை: 520 சொல் அதிகமா?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி. தலைப்பு, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்கள் (டெங்கி பரப்பும் கொசு இனம்). ஆங்கில உரை 520 சொல் வந்துவிட்டது. வேகமாகப் பேசினால் போதுமா?

பதில் 1: வேண்டாங்க. 2008இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய போட்டி இது. 3 நிமிடம் தாண்டினால் தகுதி நீக்கம். 380 சொல்லுக்குக் குறைத்தால் ஏறக்குறைய 2:45இல் முடியும். சிரிப்பும் தடுமாற்றமும் மிச்ச 15 வினாடிக்குள் அடங்கணும். முதலில் வெட்ட வேண்டியது ஆய்வுமுறை. பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) எத்தனை சுழற்சி என்று நடுவருக்குத் தேவையில்லை. அடுக்குமாடி புளோக் நடைபாதையில் பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வோல்பாக்கியா இல்லாத பெண் கொசு இந்த ஆணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது என்ற வரி 40 வினாடிக்குள் வந்தாகணும். ஆண் கொசு கடிக்காது என்பதையும் சொல்லிடுங்க. அந்தப் பயம் இருக்கும்வரை மற்றது மனதில் ஏறாது.

பதில் 2: ஸ்லைடு ஒன்றே ஒன்று. அசைவு, ஒலி, கையில் பொருள் எதற்கும் அனுமதி இல்லை. வரைபடம் போட்டால் அச்சுகளை விளக்கவே 30 வினாடி போய்விடும். ஒரு பெரிய படம் போதும்.

கேள்வி கேட்டவர்: மனப்பாடம் செய்யலாமா?

பதில் 2: முதல் இரண்டு வரி, கடைசி வரி மட்டும் சொல் மாறாமல். ஒத்திகையை நின்றுகொண்டே, குரலை உயர்த்திச் செய்யுங்கள். மனதுக்குள் படித்தால் நேரம் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.