ஐபி வருது, பூட் ஃபைல் வரலை: டிஸ்க் இல்லாத 30 மெஷின், ஒரு பஞ்சாயத்து

பனியன்பையன் (திருப்பூர்):
அண்ணமாருங்களா, கம்பெனில கட்டிங், செக்கிங், பேக்கிங் மூணு செக்‌ஷன்லயும் சேர்த்து 30 கம்ப்யூட்டர் மெஷின். ஒண்ணுலயும் ஹார்ட் டிஸ்க் இல்லீங். நெட்வொர்க் வழியாத்தான் (பிஎக்ஸ்இ முறைல) லினக்ஸ் ஏறும், ரூட்டு என்எஃப்எஸ், அதாவது ஃபைலெல்லாம் சர்வர்லயே இருக்கும், நெட்வொர்க்லயே படிச்சுக்கும். ராத்திரி ஷிஃப்ட்டும் ஓடறதால மெஷினை அணைக்கறதே இல்லை. நேத்து கரண்ட் போயி வந்துது. பாதி மெஷின் 'பிஎக்ஸ்இ-இ53, பூட் ஃபைல்நேம் வரலை'ன்னு நின்னுக்கிச்சு. "எல்லாத்துக்கும் டிஸ்க்கப் போட்ரு"ங்கறார் ஓனர்.

சென்னிமலை வாத்தி:
ஐபியை, அதான் மெஷினோட நெட்வொர்க் முகவரியை, நிலையாக் குடுக்காமப் பூல்ல (பொதுக் குவியல்ல) இருந்து எடுத்துக்க விட்டீங்களா? அதான் வினை. 1985ல பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் ஆர்எஃப்சி 951ங்கற இன்டர்நெட் நெறிமுறை ஆவணத்துல பூட்பி எழுதுனதே இந்த மாதிரி மெஷினுக்குத்தான். இந்த மேக்குக்கு (நெட்வொர்க் கார்டோட நம்பர்) இந்த ஐபி, இந்த பூட் ஃபைல்னு ஒரு டேபிள், தீர்ந்துது. அதுக்கு முந்தி இருந்த ஆர்ஏஆர்பி ஐபியை மட்டும் சொல்லும். எந்த ஃபைலைத் தூக்கறதுன்னு சொல்லாது, ரவுட்டரையும் தாண்டாது. 1993ல டிஎச்சிபி வந்து, ஐபியைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் குடுக்கற குத்தகைன்னு ஒண்ணைக் கெளப்பி விட்டுது. என்எஃப்எஸ்ல ஓடற மெஷினுக்கு நடுவுல ஐபி மாறுனா, படுத்திருக்கறவன் பாயை உருவுன மாதிரி.

ரிலே ஏஜென்ட் (கோவை):
ஐயா, கோவிச்சுக்காதீங்க. குத்தகை பாதி நேரம் ஓடுனதும் மெஷினே போயி அதே ஐபியைப் புதுப்பிச்சுக்கும். நடக்கலைன்னா 87.5 சதவீதத்துல எந்த சர்வரானாலும் சரின்னு கூவும். பாயை யாரும் உருவறதில்லை. டிஎச்சிபி அந்நியமும் இல்லைங்கய்யா: அதே 67, 68 போர்ட்டு, அதே பாக்கெட் அமைப்பு. பூட்பி வீட்டு மேலயே மெத்தை கட்டியிருக்காங்க, அவ்வளவுதான்.

உங்க டேபிள் இந்தத் தம்பிக்கு ஒதவாது. இ53ன்னா பதில் வந்திருக்கு, அதுல ஃபைல் பேர் இல்லை. வேற எவனோ பதில் சொல்றான். தம்பி, லேப்டாப்பை அதே ஸ்விட்ச்சுல சொருகி ஐபி கேக்க வெச்சு, எத்தனை பேர் ஆஃபர் (ஐபி தர்றேங்கற பதில்) குடுக்கறாங்கன்னு டிசிபிடம்ப்ல (நெட்வொர்க்ல போறதைக் காட்டற கருவி) எண்ணுங்க.

கணக்குப்பிள்ளை:
எதுக்கு இத்தனை வம்பு? ஆளுக்கொரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க. கரண்ட் வந்ததும் 30 மெஷினும் ஒண்ணா எந்திரிச்சா, பூட் ஃபைலை அனுப்பற டிஎஃப்டிபி திணறாதா? 512 பைட் அனுப்பும், வந்துதான்னு கேக்கும், அப்பறந்தான் அடுத்தது. லினக்ஸ் எந்திரிக்க மொதல்ல ஏறற 60 எம்பி இனிட்ஆர்டி ஃபைலுக்கு 1,22,880 தடவை!

ரிலே ஏஜென்ட்:
கணக்கு சரிதானுங்க. அதனாலதான் டிஎஃப்டிபில ஐபிஎக்ஸ்இங்கற சின்ன லோடரை மட்டும் எறக்கி, மிச்சத்தை அது மூலமா எச்டிடிபில (வெப் பக்கம் இழுக்கற முறை) இழுக்கறது. எஸ்எஸ்டி போட்டா அப்டேட்டுக்கு 30 மெஷின்கிட்டயும் நீங்க போவீங்களா?

பனியன்பையன்:
புடிச்சுட்டேனுங்ணா! ஆஃபர் ரெண்டு வந்துது. பேக்கிங்ல ஒருத்தர் ஃபோனுக்கு வைஃபை வேணும்னு போன வாரம் வீட்டு ரவுட்டரைக் கொண்டாந்து, அதோட லேன் போர்ட்டுல நம்ம ஒயரைச் சொருகியிருக்கார். கழட்டினேன், எல்லாம் ஏறிருச்சு. ஆனா ஒரு வாரமா எப்படி ஓடுச்சு?

ரிலே ஏஜென்ட்:
புதுப்பிக்கறப்ப ஐபி குடுத்த சர்வரைத்தான் நேராக் கேக்கும், அதனால ரவுட்டர் காதுக்கே போகலை. புதுசா பூட் ஆகறப்ப ஊருக்கே கேக்கற மாதிரி பிராட்காஸ்ட் பண்ணும். அப்ப நம்ம சர்வர், ரவுட்டர் ரெண்டு பேரும் பதில் சொல்வாங்க, ரவுட்டர் பதில்ல ஃபைல் பேர் இருக்காது. சில கார்டு மொதல்ல வந்ததையே புடிச்சுக்கும். பாதி நின்னதுக்கு அதான் காரணம். ஸ்விட்ச்சுல டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டுட்டா நம்ம சர்வர் போர்ட்டைத் தவிர வேற போர்ட்டுல இருந்து ஆஃபரே வராது.

சென்னிமலை வாத்தி:
கோளாறுக்குப் பூல்தான் காரணம்னு நான் சொன்னது தப்புத்தான், ஒத்துக்கறேன். ஆனா மேக் டேபிளை விடாதீங்க. நாளைக்கு லாக்ல ஒரு ஐபியைப் பாத்தா எந்த மேசை, எந்த மெஷின்னு தெரியோணுமல்ல?

ரிலே ஏஜென்ட்:
அதுக்குச் சரிங்கய்யா. டிஎச்சிபிலயே ஒரு மேக்குக்கு ஒரு ஐபியை ஒதுக்கி வெக்கற ரிசர்வேசன் இருக்கு, பூட்பிக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

பனியன்பையன்:
ஸ்னூப்பிங் போடலாம்னு பாத்தா நம்ம ஸ்விட்ச் மேனேஜ்டு (செட்டிங் மாத்தற வகை) இல்லீங்களே. ஓனர்கிட்ட கேட்டேன். "டிஸ்க்குக்குச் சொன்ன காசுல ஸ்விட்ச் வந்துருமா?"ங்கறார். 48 போர்ட்டுல ஏதாவது நல்லதாச் சொல்லுங்ணா.