வங்கியில் பணம் இருந்தும் சம்பளம் போட முடியாத மாதம்

குழந்தைகளுக்கான ஒரு சிறிய அறக்கட்டளையில் 11 வருடம் பொருளாளராக இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நீள நோட்டும் ரசீதுப் புத்தகமும்தான் கணக்கு. மாதக் கடைசியில் கையிருப்பு மிஞ்சினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

நான்காம் வருடம் பெரிய நன்கொடை ஒன்று வந்தது. படிப்பறை கட்டுவதற்கென்றே எழுதிக் கொடுத்த பணம். பாஸ்புக்கைப் பார்த்து எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அதே மாதம்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அக்காக்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை. "கட்டடப் பணத்திலிருந்து எடுப்போம், அப்புறம் போட்டுவிடலாம்" என்றார் குழுவில் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றுக்கென்று வாங்கியதை வேறொன்றுக்குச் செலவழித்தால், கொடுத்தவரிடம் என்ன கணக்குக் காட்டுவது?

கொடுத்தவரையே நேரில் போய்ப் பார்த்தேன். அறை கட்டிவிடலாம், அதில் விளக்கு எரிய வேண்டாமா, பாடம் சொல்லித்தர ஆள் வேண்டாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பத்தில் ஒரு பங்கை நடைமுறைச் செலவுக்கு என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். அதற்குள் நாள் ஓடிவிட்டது. அந்த மாதச் சம்பளப் பதிவேட்டில், 5ஆம் தேதி விழ வேண்டிய இரண்டு கையெழுத்தும் 23ஆம் தேதியில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் வலிக்கிறது.

அதன்பிறகு பொது நிதிக்கும் குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த நிதிக்கும் தனித்தனிப் பக்கம் போட்டேன். பெரிய நன்கொடையாளர்களைத் தேடுவதைக் குறைத்து, மாதாமாதம் சிறு தொகை தருபவர்களைச் சேர்த்தோம். ஒருவர் நிறுத்தினாலும் சமாளிக்க முடிந்தது. நன்கொடை ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. பள்ளி திறக்கும் மாதச் செலவு மட்டும் தவறாமல் வந்துவிடும். 3 மாதச் செலவுக்கான கையிருப்பைச் சேர்க்க எங்களுக்கு 6 வருடம் பிடித்தது.

---

இதைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்கான இன்னொரு அமைப்பைச் சேர்ந்த ஒருவர் எழுதிய பதில்: நீங்கள் எழுதிய படிப்பறைக் கதை எங்களுக்கு வேன் உருவத்தில் வந்தது. ஒருவர் தன் பழைய வேனை இலவசமாகக் கொடுத்தார். காப்பீடு, டீசல், ஓட்டுநர் சம்பளம், மாதம் ஒரு பழுது. பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கு வைத்திருந்ததை வேன் தின்றது. தந்தவர் மனம் நோகுமே என்று 2 வருடம் தயங்கினோம். கடைசியில் கணக்கை அப்படியே அவர் முன் வைத்தோம். "இதை முதல் மாதமே சொல்லியிருக்கலாமே" என்றார். வேனை விற்று, அந்தப் பணத்தை மருத்துவ நிதியில் சேர்த்தோம்.