ராணுவ வாகனக் கண்காட்சி இடம் மாறும்போது: பெல்ட்ரிங் டு ஃபோக்ஸ்டோன்

பழைய ராணுவ வண்டிக் கண்காட்சியைப் புது இடத்துக்கு மாற்றுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? புனைபெயரில் நால்வர் சொல்வது இது.

இரும்புக்குதிரை:
இங்கிலாந்தின் கென்ட்டில் 1982-ல் ஆரம்பித்த ‘வார் அண்ட் பீஸ்’ கண்காட்சி பல வருடம் பெல்ட்ரிங் ஹாப் ஃபார்மில்தான் நடந்தது. 2013-ல் ஃபோக்ஸ்டோன் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனது. முந்தைய டிசம்பரோடு அங்கே பந்தயம் நின்றுவிட்டதால் இடம் காலி. பக்கத்திலேயே எம்20 நெடுஞ்சாலையின் 11-வது சந்திப்பு, ஒட்டினாற்போல் வெஸ்டன்ஹேங்கர் ரயில் நிலையம். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

ஆனால் பந்தயத் திடல் என்றால் புல்லுக்கடியில் வடிகாலும் தண்ணீர்க் குழாயும் ஓடும். கேபிள் தேடும் கருவியில் பிளாஸ்டிக் குழாயோ சுட்ட மண் குழாயோ சிக்காது. ரேடார் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கையால் குழி தோண்ட வேண்டும். சந்தைக் கூடாரத்தின் இரும்பு முளை ஒரு மீட்டர் வரை இறங்கும். வண்டி ஏறி உடைவதைவிட முளை குத்தி உடைவதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் கூடாரம் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

களிமண்:
டாங்கி வந்தால் தரை போச்சு என்பது பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போர்க்கால ஷெர்மன் டாங்கி 30 டன். ஆனால் எடை சங்கிலித் தடம் முழுக்கப் பரவுவதால் தரைமீது அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 பவுண்டுதான். இரண்டரை டன் சுமக்கும் ஜிஎம்சி ராணுவ லாரியின் ஒல்லி டயர் அதைவிடப் பல மடங்கு அழுத்தும். மழை பெய்தால் முதலில் புதைவது லாரி.

டாங்கி திரும்பும்போதுதான் வினை. ஒரு பக்கச் சங்கிலி வேகம் குறைய, மறுபக்கம் இழுக்க, புல் பாய் மாதிரி சுருண்டு வரும். அதனால் டாங்கி வழியைப் பெரிய வளைவாகப் போடுங்கள், ‘ட’ திருப்பம் வேண்டாம். அலுமினியப் பலகைப் பாதை சக்கர வண்டிக்கு. வாசலிலிருந்து முகாம் வரை அதைப் போட்டால் போதும். அதன்மேல் டாங்கியைத் திருப்பினால் இணைப்பு பிய்ந்துவிடும்.

லோபெட்:
திடல் மாறினால் பழைய ரூட்டும் போச்சு. பிரிட்டனில் சாலையில் போகும் வண்டிக்குச் சுமையோடு சாதாரண வரம்பு 44 டன். ஷெர்மனை லோ-லோடரில் (தாழ்வான தளமுள்ள டிரெய்லர் வண்டி) ஏற்றினால் 50 டன்னைத் தொடும், அப்போது சிறப்பு வகை விதிகள் வரும். 80 டன் வரை சாலை, பாலம் துறைகளுக்கு இரண்டு முழு வேலை நாள் முன்னறிவிப்பு. அதற்கு மேல் ஐந்து நாள். அகலம் 3 மீட்டரைத் தாண்டினால் போலீசுக்கும் சொல்ல வேண்டும். 55 டன் சீஃப்டன் டாங்கி இதில் கட்டாயம் மாட்டும். அறிவிப்புக் கொடுத்தாலே பாலம் தாங்கும் என்று அர்த்தமில்லை. டாங்கி முகப்பில் மஞ்சள் வட்டத்தில் ‘30’ என்று இருப்பதைக் காட்டிப் பாலம் ஏறலாம் என்று வாதாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது போர்க்காலப் பாலக் கணக்கு, இன்றைய சாலைக்குச் செல்லாது.

டாங்கியை லோ-லோடரில் சங்கிலியால் கட்டுவதில் ஒரு கணக்குப் பிழை சகஜம். கட்டு முன்பக்கம் முழு எடையும், பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி எடையும் தாங்க வேண்டும் என்பது விதி. 13 மிமீ கிரேடு 80 சங்கிலி ஒன்று 10 டன் தாங்கும். நாலு போட்டு ‘40 டன்’ என்பார்கள். பிரேக் அடிக்கும்போது டாங்கி முன்னே போகாமல் பிடிப்பது பின்நோக்கி இழுக்கும் இரண்டுதான், அதிலும் சாய்வுக்குக் கொஞ்சம் கழியும். ஆக 20 டன்கூட இல்லை. மீதி உராய்விலும் முன்தடுப்பிலும் வர வேண்டும். இரும்புத் தளத்தில் இரும்புச் சங்கிலித் தடம், அதுவும் மழையில், வழுக்கும். அடியில் வழுக்காத ரப்பர் பாய் போடாமல் கிளம்பாதீர்கள்.

கேட்கீப்பர்:
மது, கேளிக்கைக்கான உரிமம் இடத்தோடு ஒட்டியது, கண்காட்சியோடு கூட வராது. 499 பேருக்கு மேல் என்றால் தற்காலிக நோட்டீஸ் போதாது, புது விண்ணப்பத்துக்கு 28 நாள் ஆட்சேபக் காலம் விட வேண்டும். திட்ட அனுமதி இல்லாத தற்காலிக நில உபயோகமும் வருடத்துக்கு 28 நாள்தான், அதில் சந்தைக்கு 14. உதிரிபாகக் கடைகள் இல்லாமல் இந்தக் கண்காட்சியே இல்லை என்பதால் 14-ஐத்தான் முதலில் எண்ணுங்கள்.

எம்20 பக்கம் என்பது வசதிதான், ஆங்கிலக் கால்வாய்த் துறைமுகம் ஓடும்வரை. 2015 ஜூன், ஜூலையில் ‘ஆபரேஷன் ஸ்டாக்’ என்று லாரிகளை அந்த நெடுஞ்சாலையிலேயே வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கண்காட்சியும் ஜூலையில்தான். லோ-லோடர்களுக்கு மாற்று ரூட்டுக்கும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து வையுங்கள். கடைசி நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், வாசலில் பிரஷர் பம்ப்பும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். சங்கிலித் தடத்து மண் பொதுச் சாலையில் விழுந்தால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில்.