மறு: கிரவுண்ட் பேலன்ஸ் – தரைச் சமநிலையா, மண்தடையா?

அனைவருக்கும் வணக்கம். மெட்டல் டிடெக்டரில் வரும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்பதற்கு நான் முன்வைத்த 'மண்தடை' பற்றிக் குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'தரைச் சமநிலை' போதுமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

சொல்லுக்குப் பொருந்துகிறது ஐயா, வேலைக்குப் பொருந்தவில்லை. மெட்டல் டிடெக்டர் கையேட்டில் முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். வரைவை வைத்துக்கொண்டு கருவியை இயக்கிப் பார்த்த நண்பர் மேடுபள்ளம் இல்லாத இடமாகத் தேடிப் போய் நின்று, "அடுத்து என்ன?" என்றார். அவர்மேல் என்ன தப்பு?

நடப்பது இதுதான். மண்ணில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். உப்பு ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். கருவிக்கு அதுவும் ஒரு சிக்னல்தான். அதனால் உலோகம் ஏதும் இல்லாத ஓரிடத்தில் கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, ஓசை கூடாமல் குறையாமல் ஒரே சீராக வரும்வரை சரிசெய்கிறோம். அதன்பின் மண்ணின் பங்கைக் கருவி கணக்கில் சேர்க்காது. மண் மாறினால் மறுபடி செய்யவேண்டும்.

தராசில் எண்ணெய் நிறுக்குமுன் காலிப் பாத்திரத்துக்கு எதிர்த்தட்டில் கல் போட்டு முள்ளை நடுவில் நிறுத்துவார்களே, அதற்குத் 'தடை கட்டுதல்' என்று பெயர். அதை வைத்துத்தான் 'மண்தடை கட்டுதல்' என்றேன். தராசு இங்கே ஒட்டவைத்த உவமையும் இல்லை. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுபோன கருவிக்கே 'இண்டக்‌ஷன் பேலன்ஸ்', அதாவது தூண்டல் தராசு, என்றுதான் பெயர்.

> தடை என்றால் மின்தடை என்றுதான் படிப்பார்கள். தொல்லியலில் மண்ணின் மின்தடையை அளந்தே புதைந்த சுவர்களைத் தேடுகிறார்கள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே களத்தில் இரண்டு கருவியும் இருக்கலாம். மண்தடையைத் திரும்பப் பெறுகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. குழுவில் ஓர் அம்மையார் சொன்ன 'மண்ணீடு' அழகுதான். ஆனால் ஈடு என்றதும் எனக்கு அடகுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, 'மண் கழித்தல்' என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் டிஸ்கிரிமினேஷனுக்கு, அதாவது உலோக வகை பார்த்து வேண்டாததற்கு ஒலிக்காமல் விடும் அமைப்புக்கு, கழித்தல், நீக்கல் எதுவும் வரக்கூடாது, 'பிரித்தறிதல்' இருக்கட்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. கருவி இரைந்தால் புதியவர்கள் செய்யும் முதல் வேலை, பிரித்தறிதலை ஏற்றுவது. இரைச்சல் அடங்கிவிடும், கூடவே மெல்லிய தங்க மோதிரமும் போய்விடும். அந்த மோதிரத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் கருவியின் திரை ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். முதலில் மண்ணைக் கழிக்கவேண்டும். அப்போதும் இரைந்தால் உணர்திறனைக் குறைக்கவேண்டும். மண்ணின் சிக்னல் வலுவாக உள்ள இடத்தில் உணர்திறனைக் குறைத்தபின் இன்னும் ஆழத்தில் கிடப்பது கேட்பதும் உண்டு. பிரித்தறிதலைத் தொடுவது அதற்கும் அப்புறம்தான். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்தால் இந்த வரிசையைக் கையேட்டில் விளக்கவே முடியாது.

திரையில் ஆறு எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. 'மண் கழி' என்று போடப் போகிறேன். கழி என்றால் கம்பும்தானே என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். கருவியின் கம்பைக் கையேடு முழுக்கத் 'தண்டு' என்று மாற்றிவிட்டேன்.