சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸ்: 31 வயது, 6,000 வெள்ளி சம்பளம். கிடைக்குமா?

தஞ்சை மெக் (கேள்வி)

வணக்கம். வயது 31, பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி. சிங்கப்பூரில் 60 பேர் வேலை செய்யும் கம்பெனி ஒன்று அடிப்படைச் சம்பளம் 5,500, வீட்டுப்படி 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஆஃபர் கொடுத்திருக்கிறது. 5,600 இருந்தாலே இ.பி. (எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதி) வந்துவிடும் என்கிறார்கள், சரியா? ஊரில் ஏஜென்ட் ஒருவர் பாஸ் எடுத்துத் தர 4 லட்சம் கேட்கிறார். இப்போதுள்ள வேலையை எப்போது விடலாம்?

ஜூரோங்வாசி

தம்பி, 5,600 என்பது 23 வயதுக்காரருக்கான கணக்கு. 2025 ஜனவரி முதல் இருக்கும் விதிப்படி அந்தத் தொகை வயதோடு ஏறி, 45 வயதில் 10,700-ஐத் தொடும். உங்கள் 31 வயதுக்கு 7,400-க்கு மேல் வேண்டும். நிதித்துறை என்றால் இன்னும் கூடுதல். பலரும் விளம்பரத்தில் பார்த்த ஒரே எண்ணை நம்பி ஆஃபரில் கையெழுத்துப் போடுவதுதான் வேதனை.

வீட்டுப்படி மாதாமாதம் மாறாமல் வந்தால் கணக்கில் சேரும். ஓவர்டைம், போனஸ், மாதத்துக்கு மாதம் மாறும் படிகள் சேராது. உங்களுடையது 6,000 என்றே வைத்தாலும் இ.பி.க்குப் போதாது.

பாஸ் கணக்கு

சம்பளத்தைக் கூட்டினாலும் அடுத்து காம்பஸ் எனும் புள்ளி முறை இருக்கிறது. 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டவர் எத்தனை சதவீதம், உள்ளூர்க்காரர் பங்கு எவ்வளவு என நான்கு பிரிவு. ஒவ்வொன்றிலும் 20, 10 அல்லது 0.

நம்மவர்கள் அடிபடுவது மூன்றாவதில். கம்பெனியின் நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளர்களில் இந்தியர் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0. 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் 20. அந்த வகைப் பணியாளர் 25 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 10 தானாகவே கிடைக்கும். 60 பேரில் அந்த வகையில் எத்தனை பேர் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். மனிதவள அமைச்சின் தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள்.

படிப்புக்குப் புள்ளி வேண்டுமானால் சான்றிதழ் நகல் மட்டும் போதாது, சரிபார்ப்பு அறிக்கை தேவை. அதில் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர்தான் வர வேண்டும், கல்லூரிப் பெயர் அல்ல. சான்றிதழில் "S" என்று இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போகும். அப்பா பெயர் உள்ள பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தையும் முதலிலேயே சேர்த்து அனுப்புங்கள்.

ஜூரோங்வாசி

6,000-க்கு எஸ் பாஸ் (இ.பி.க்கு அடுத்த படியிலுள்ள வேலை அனுமதி) சரிப்படும். 2025 செப்டம்பர் முதல் அதன் அடிமட்டம் 3,300. அதுவும் வயதோடு ஏறும், ஆனால் உங்கள் சம்பளம் தாண்டிவிடும். தடை கோட்டாவில்தான்: எஸ் பாஸ்காரர்கள் சேவைத்துறையில் கம்பெனி ஆட்களில் 10 சதவீதம் வரைதான், உற்பத்தி, கட்டுமானத்தில் 15. இடம் காலியா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பணியாளருக்காக அரசுக்குச் செலுத்தும் மாதம் 650 வெள்ளி லெவியைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

விண்ணப்பத்துக்கு முன் கம்பெனி மைகேரியர்ஸ்ஃபியூச்சர் எனும் அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் வேலை விளம்பரம் போட வேண்டும். அதைப் போடாமலே "அடுத்த வாரம் பாஸ் வந்துவிடும்" என்றால் சந்தேகப்படுங்கள்.

தஞ்சை மெக்

நன்றி அண்ணே. ஏஜென்ட் விஷயம்?

பாஸ் கணக்கு

விண்ணப்பம் போடுவது கம்பெனி. இ.பி.க்கு விண்ணப்பக் கட்டணம் 105, பாஸ் வழங்க 225 வெள்ளி. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம் வரைதான் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே பணம் வாங்குவது அங்கே குற்றம். ஏஜென்ட் அந்தப் பணம் "கம்பெனிக்குப் போகிறது" என்று சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உரிம எண்ணைக் கேட்டு அமைச்சின் பட்டியலில் தேடுங்கள்.

ராஜினாமா, ஐ.பி.ஏ. எனும் கொள்கை அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே. அதிலுள்ள சம்பளத்தை ஆஃபரோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்; 5,500 மட்டும் போட்டு வீட்டுப்படியை விட்டிருந்தால் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். மனைவியை அழைத்துவர மாதம் 6,000 நிலையான சம்பளம் வேண்டும், அந்த 500 இல்லையென்றால் அதுவும் போய்விடும்.