67 வயது வாட்ச்மேனை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா? ஏஜென்சி லைசென்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செயலாளர்_குடந்தை:
கும்பகோணத்தில் 36 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. இந்த வருடம் சங்கச் செயலாளர் பதவி என் தலையில் விழுந்திருக்கிறது. வாசலில் பகலில் ஒரு பெரியவர், வயது 67. இரவில் அவருடைய மருமகன். இருவருக்கும் சங்கமே நேரடியாகச் சம்பளம் தருகிறது. போன மாதம் கீழ்த்தளத்தில் இருந்து இரண்டு சைக்கிள்கள் போய்விட்டன. அதிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே பேச்சு, ஏஜென்சிக்கு மாறுவோம் என்று.

ரேட் கொடுக்க வந்த ஏஜென்சிக்காரர், "65 வயதுக்கு மேல் செக்யூரிட்டி வைப்பதே குற்றம் சார், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள்தான் கோர்ட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சட்டமா, வியாபாரமா?

ஹவில்தார்_ஒரத்தநாடு:
பாதி சட்டம், மீதி வியாபாரம். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் 'பசாரா' என்போம். அதில் 10-வது பிரிவின்படி, ஒரு முகமை வேலைக்கு எடுக்கும் காவலர் 18 வயது நிரம்பியவராகவும் 65-ஐ எட்டாதவராகவும் இருக்க வேண்டும். கவனியுங்கள், அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவது முகமையை. உங்கள் சங்கம் முகமை இல்லை. நேரடியாக நீங்கள் வைத்திருக்கும் ஆளுக்கு அது பொருந்தாது. மிரட்டலைத் தள்ளுங்கள்.

ஆனாலும் நான் ஏஜென்சி பக்கம்தான். ராணுவத்தில் இருந்து வந்தபின் தஞ்சாவூர்ப் பக்கம் சூப்பர்வைசராக இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் உள்ள முகமை என்றால் நடத்துபவர் மேல் என்ன வழக்கு, அரசு வேலையில் இருந்து நீக்கப்பட்டவரா என்பதெல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். காவலரின் முன்நடத்தையை விசாரித்திருக்க வேண்டும், பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, பதிவேடு எல்லாம் கட்டாயம். உங்கள் பெரியவரின் மருமகன் இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார்? சங்கத்தில் அவரைப் பற்றி ஒரு தாளாவது இருக்கிறதா?

ஆலை_மன்னார்குடி:
தாளில் எல்லாம் இருக்கும் ஹவில்தார் சார். வாசலில்தான் ஆள் இருக்க மாட்டான்.

அரிசி ஆலை வைத்திருக்கிறோம். சம்பா அறுவடை சமயத்தில் லாரிக்கு ராத்திரி பகல் கிடையாது. எங்கள் கேட்டில் நிற்பவர் லாரி நம்பரை எழுத வேண்டும், எடைமேடைச் சீட்டை வாங்கிப் பில்லோடு வைத்துப் பார்க்க வேண்டும், பின்பக்கம் போய்த் தார்ப்பாய்க் கயிறு அவிழ்த்துக் கட்டியதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், மூட்டையை அடுக்கு அடுக்காக எண்ண வேண்டும். அப்புறம்தான் கேட். இது கைக்கு வர ஒரு சீசன் ஆகும். ஏஜென்சியில் இருந்து ஒரே சீசனில் நாலு பேர் மாறினார்கள். கடைசியாக வந்த பையன், தவிட்டு லோடு என்று டிரைவர் சொன்னதை நம்பி, அரிசி ஏற்றிய வண்டியைச் சீட்டே வாங்காமல் அனுப்பிவிட்டான். மேனேஜரைக் கேட்டால் "ஆளை மாற்றித் தருகிறேன் சார்" என்கிறார். ஆளை மாற்றுவதுதானே வியாதி!

இப்போது இருப்பவர் அப்பா காலத்து ஆள். எந்த டிரைவர் எந்த ஊர், எவன் குடித்துவிட்டு வண்டி எடுப்பான் என்பது வரை தெரியும். களத்துக் காவலுக்கு நெல்லாகவே கூலி அளந்த ஊர் இது. அப்போது யாரும் காவல்காரனின் மார்பை டேப் வைத்து அளக்கவில்லை.

ஹவில்தார்_ஒரத்தநாடு:
அளக்கச் சொல்லித்தான் விதி இருக்கிறது. மத்திய அரசின் 2006 மாதிரி விதிகளில் (2020-ல் புதிய மாதிரி விதிகள் வந்துவிட்டன) ஆண் காவலருக்கு உயரம் 160 செ.மீ., மார்பு 80 செ.மீ., மூச்சு இழுத்தால் 4 செ.மீ. விரிய வேண்டும், ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். பயிற்சி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களம். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசுக்கும் 40 மணி நேரம் வகுப்பு, 16 மணி நேரம் களம். தீயணைப்பு, முதலுதவி, கூட்டக் கட்டுப்பாடு, புகார் எப்படிக் கொடுப்பது, பேரிடரில் என்ன செய்வது எல்லாம் பாடத்தில் உண்டு.

இதைக் கேலி செய்யலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி நான் பார்த்துக்கொண்ட ஒரு கிடங்கில் காவலர் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, ஷெட்டுக்குள் படுத்திருந்த லோடுமேன்களை எழுப்பிக் கான்கிரீட் கட்டடத்துக்குள் கொண்டுபோனார். அப்புறம் ஷெட்டின் தகரம் போனது. அது பயிற்சி.

நைட்_டியூட்டி:
இரண்டு பேரும் பேசுவது என்னைப் பற்றித்தான், நானும் கொஞ்சம் சொல்கிறேன். தஞ்சாவூரில் ஏஜென்சி மூலம் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறேன். ஏஜென்சி பெயர் வேண்டாம்.

எனக்கு நடந்த பயிற்சி இவ்வளவுதான். யூனிஃபார்ம் கொடுத்தார்கள், ஷூவுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், சல்யூட் எப்படி அடிப்பது என்று ஒருமுறை காட்டினார்கள். மறுநாளே பாயிண்ட், அதாவது காவல் நிற்கும் இடம். 160 மணி நேரம் பயிற்சி முடித்ததாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 6 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடணும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். எந்தப் பாயிண்டிலும் என்னை ஓடச் சொன்னதில்லை. உட்காரத்தான் விடுவதில்லை.

சாயங்காலம் பகல் ஆளிடம் சார்ஜ் வாங்கணும். சாவிக்கொத்தை எண்ணி வாங்குவது, டார்ச் எரிகிறதா என்று பார்ப்பது, விசிட்டர் நோட்டில் வெளியே போன நேரம் போடாமல் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவது. அப்புறம் மோட்டார். டேங்க் நிறைந்து மாடியில் இருந்து தண்ணீர் கொட்டினால் ஐந்து வீட்டில் இருந்து போன் வரும். நிறையாவிட்டால் பத்து வீட்டில் இருந்து வரும். பார்சல் வாங்கி வைப்பது, காரை நகர்த்தச் சொல்லித் திட்டு வாங்குவது, ஐப்பசி கார்த்திகை மழையில் பார்க்கிங்கில் பாம்பு வந்தால் குச்சியோடு நிற்பது, எல்லாம் நான்தான். மணிக்கு ஒருமுறை ரவுண்ட்ஸ் போய் செல்ஃபி எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடணும். செல்ஃபி எடுக்கும்போது நான் சுற்றுச்சுவரைப் பார்க்கிறேனா, போனைப் பார்க்கிறேனா? நீங்களே சொல்லுங்கள்.

காலையில் ரிலீவர், அதாவது மாற்று ஆள், வரவில்லை என்றால் டபுள் டியூட்டி. வீட்டுக்குப் போகிறேன் என்றால் "பாயிண்டை விட்டுப் போனால் சம்பளம் கட்" என்பார்கள். 24 மணி நேரம் நின்றவன் கண் முன்னால் சைக்கிள் போனாலும் தெரியாது சார். உங்கள் சைக்கிள் அப்படிக்கூடப் போயிருக்கலாம்.

பி_பிளாக்:
நானும் செயலாளர் சார் இருக்கும் அடுக்ககம்தான். என் பையனுடைய சைக்கிள்தான் போனது. இவ்வளவு சட்டம் பேசுகிறீர்களே, திருடனைப் பிடித்துக் கட்டிவைக்கிற மாதிரி ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். கட்டிவைக்கலாமா கூடாதா?

ஹவில்தார்_ஒரத்தநாடு:
கட்டிவைத்து அடித்தால் உங்கள் வாட்ச்மேன்தான் உள்ளே போவார். செக்யூரிட்டிக்கு என்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான் அவருக்கும். கண் முன்னால் ஒருவன் செய்தது ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் என்றால் பிடித்து வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவுப்படி 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பையைக் கொட்டிப் பார்ப்பது, தெருவில் போகிறவனை நிறுத்தி ஆதார் கேட்பது எல்லாம் அவருடைய வேலையே இல்லை. போலீஸ், ராணுவ யூனிஃபார்ம் மாதிரி தைத்துப் போட்டாலும் குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். ஏஜென்சி முதலாளிக்கும் சேர்த்து.

தோழர்_திருவாரூர்:
எல்லோரும் லைசென்ஸ் இருக்கிறதா, வயது என்ன என்றே பேசுகிறீர்கள். மணிக்கணக்கை யாரும் பேசவில்லை, நைட் டியூட்டித் தம்பியைத் தவிர.

ஒரு கேட்டை 24 மணி நேரமும் காக்க 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரத்தில் 6 நாள்தான் வேலை செய்ய வேண்டும். 21-ஐ 6-ஆல் வகுத்தால் மூன்றரை ஆள், அதாவது நாலு பேர். குடந்தை சங்கம் இரண்டு பேரை வைத்திருக்கிறது. ஏஜென்சியும் இரண்டு பேரைத்தான் அனுப்பும், பந்தயம் கட்டுகிறேன். மீதி இரண்டு பேரின் வேலையை இந்த இரண்டு பேரின் தூக்கத்தில் இருந்து எடுத்துக்கொள்கிறோம். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியபோது தமிழ்நாடே கத்தியது, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. நம் வீட்டு வாசலில் அதே 12 மணி நேரம் எத்தனையோ வருடமாக நடக்கிறது, ஒருவரும் கத்துவதில்லை.

ஆலை அண்ணனுக்கும் ஒன்று. அப்பா காலத்து ஆள் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவருக்கு பிஎஃப் உண்டா, ஈஎஸ்ஐ உண்டா?

ஆலை_மன்னார்குடி:
தீபாவளிக்குப் போனஸ், மகள் கல்யாணத்துக்குப் பணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் நாங்கள்தான். எந்த ஏஜென்சி செய்யும்?

தோழர்_திருவாரூர்:
நீங்கள் நல்லவராக இருக்கும்வரை கிடைப்பது அது. உங்கள் மகன் காலத்தில் கிடைக்குமா என்பதற்கு அவரிடம் ஒரு சீட்டும் இல்லை.

ஹவில்தார்_ஒரத்தநாடு:
அதைத்தான் நானும் சொல்கிறேன் தோழர். ஈஎஸ்ஐ 10 பேர், பிஎஃப் 20 பேர் இருக்கும் நிறுவனத்துக்குத்தான். நாலு பேரை வைத்திருக்கும் அடுக்ககத்தை இரண்டுமே தொடாது. நூறு பேரை வைத்திருக்கும் ஏஜென்சி கட்டியே ஆக வேண்டும். நேரடி வேலையில் அந்தப் பெரியவருக்கு ஒன்றுமே இல்லை.

தோழர்_திருவாரூர்:
கட்டுகிறார்கள், ஆனால் யார் காசில்? ஈஎஸ்ஐ-யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பல இடங்களில் முதலாளி பங்கையும் சேர்த்து ஆளின் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை மீறினால் லைசென்சையே ரத்து செய்யலாம் என்று நீங்கள் சொன்ன பசாராவிலேயே இருக்கிறது. அப்படி ரத்தானதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஹவில்தார்?

ஹவில்தார்_ஒரத்தநாடு:
பார்த்ததில்லை. புகார் கொடுத்த காவலரையும் பார்த்ததில்லை.

நைட்_டியூட்டி:
புகார் கொடுத்தால் மறுநாள் பாயிண்ட் மாறும். திருத்துறைப்பூண்டிக்குப் போடுவார்கள்.

காரைக்கால்_கடற்கரை:
இடையில் ஒரு சந்தேகம். மயிலாடுதுறை ஏஜென்சி ஒன்று இங்கே எங்கள் கல்யாண மண்டபத்துக்கு ஆள் தருகிறேன் என்கிறது. தமிழ்நாட்டு லைசென்ஸ் போதுமா?

ஹவில்தார்_ஒரத்தநாடு:
போதாது. காரைக்கால் புதுச்சேரியில் சேர்ந்தது, அங்கே லைசென்ஸ் வழங்கும் கட்டுப்பாட்டு அதிகாரி தனியாகக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே எல்லை உண்டு. ஒரு மாவட்டத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதுக்கும் 25,000. தஞ்சாவூருக்கு மட்டும் வாங்கியவர் நாகையில் ஆள் போட முடியாது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஓர் ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நைட்_டியூட்டி:
உட்காருவதைப் பற்றி ஒன்று கேட்கணும். கும்பகோணத்தில் நகைக்கடை வாசலில் நிற்கும் என் நண்பனுக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. கடைக்காரர்கள் ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்ததே, அது செக்யூரிட்டிக்கு இல்லையா?

தோழர்_திருவாரூர்:
2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது, இருக்கை தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கடைக்காரர் "அவர் என் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள்" என்பார். ஏஜென்சி "இடம் கடைக்காரருடையது" என்னும். நடுவில் உங்கள் நண்பர் நிற்பார். ஹவில்தார் சார், இந்த ஒரு விஷயத்திலாவது உங்கள் ஒப்பந்தத்தில் நாற்காலி என்று ஒரு வரி சேர்க்கலாமே?

ஹவில்தார்_ஒரத்தநாடு:
சேர்த்தால் கடைக்காரர் நாற்காலி கேட்காத ஏஜென்சிக்குப் போவார். தொழில் அப்படி இருக்கிறது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

செயலாளர்_குடந்தை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த ஏஜென்சிக்காரரிடம் லைசென்ஸ் நகல் கேட்டேன். வாட்ஸாப்பில் ஜிஎஸ்டி பதிவுச் சான்று வந்திருக்கிறது.

ஆலை_மன்னார்குடி:
ஹா ஹா.

ஹவில்தார்_ஒரத்தநாடு:
அது வரி கட்டுவதற்கு. உங்களுக்கு வேண்டியது பசாரா லைசென்ஸ். ஐந்து வருடம்தான் செல்லும், எனவே தேதியைப் பாருங்கள். தஞ்சாவூர் மாவட்டம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும், நேரில் போனால் ஐந்து நிமிட வேலை.

நைட்_டியூட்டி:
ரிலீவர் யார் என்றும் கேளுங்கள் சார். பெயர், போன் நம்பர். "ஆள் இருக்கிறான்" என்றால் இல்லை என்று அர்த்தம்.

செயலாளர்_குடந்தை:
கேட்கிறேன். பெரியவரை இப்போதைக்கு நிறுத்தப் போவதில்லை. மருமகனுடைய ஆதார் நகலும் பழைய வேலை விவரமும் வாங்கி வைக்கிறேன். நாலு ஆள் கணக்கை அடுத்த கூட்டத்தில் வைப்பேன், வீட்டுக்கு வீடு பராமரிப்புத் தொகை எவ்வளவு ஏறும் என்றும் எழுதியே காட்டுவேன்.

பி_பிளாக்:
எவ்வளவு ஏறும் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள், கூட்டத்துக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.